பக்கத்து வகுப்பில் கோமதி மேடம்

போன மாதம் கல்லூரியிலிருந்து ஒரு போன். இப்போது அரசியல் அறிவியல் துறைக்குத் தலைவராக இருக்கும் தம்பி பேசினார். துறை சார்பில் ஒரு மலர் போடுகிறார்களாம். "நீங்கதான் சார் எழுதணும். உங்கள விட்டா அந்தக் காலத்தப் பத்திச் சொல்ல ஆளே இல்ல" என்றார். மனசு குளிர்ந்துவிட்டது. எதைப் பற்றி எழுதட்டும் என்று கேட்டேன். "கோமதி மேடத்தப் பத்தி சார். அவங்ககூட வேல பாத்த அனுபவம். ரெண்டு பக்கம் போதும்."

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். கோமதி மேடம் இருந்தது அதில் கால்வாசிகூட இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, "எழுதுதேன் தம்பி. ஆனா ரெண்டு பக்கத்துல முடியாது" என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு ஊர் நாசரேத் பக்கம். வீட்டில் அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாருமே மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள். நான் சென்னைக்குப் போய் எம்.ஏ. படித்து முதல் வகுப்பில் தேறினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. என் ஆங்கிலம் சுத்தமாக இருக்கும், நோட்ஸ் கச்சிதமாக இருக்கும். நான் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதுவார்கள். கமா எங்கே, அரைப்புள்ளி எங்கே என்றுகூடச் சொல்வேன். என் நோட்ஸை நம்பிப் பரீட்சை எழுதித் தோற்றவன் கிடையாது. இதை யாராவது மலரில் எழுதுவார்களா என்று தெரியவில்லை. நானே எழுதிவிட்டேன்.

அப்போது துறைத் தலைவர் பொன்னையா சார். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய மூக்குக்கண்ணாடிதான் முதலில் ஞாபகம் வரும். யாரையும் சத்தம்போட மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மேசைமேல் கவிழ்த்து வைப்பார். கவிழ்ந்த கண்ணாடியைப் பார்த்தாலே எதிரில் நிற்கிறவன் மன்னிப்புக் கேட்டுவிடுவான். புதிதாகச் சேர்கிற ஆசிரியருக்கு அவரே மூன்று விதிகள் சொல்வார். வகுப்பை ஒரு வரையறையோடு தொடங்க வேண்டும். ஒரு கேள்வியோடு முடிக்க வேண்டும். இடையில் அன்றைய செய்தித்தாள் உள்ளே வரக் கூடாது. "நாம நடத்துறது அரசியல் அறிவியல், அரசியல் இல்ல" என்பார். கால அட்டவணையை அவரே கோடுபோட்டுத் தயாரிப்பார். யாருக்கு எந்தத் தாள், எந்த மணிநேரம் என்பதில் அவர் கை வைத்தால் வைத்ததுதான். அரசியலமைப்புத் தாள் என்றைக்காவது எனக்கு வரும் என்று காத்திருந்தேன். எங்கள் பாடத்தில் அதுதான் ராஜா.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து கோமதி மேடம் வந்தார். ஆழ்வார்திருநகரி தாண்டி ஆற்றங்கரையில் ஒரு கிராமம். வயலும் வாழையுமான குடும்பம். அப்பா கிடையாது, அம்மாவும் இரண்டு தங்கைகளும். என்னைவிட வயதில் சிறியவர், மதுரையில் படித்தவர், இரண்டாம் வகுப்பு. அந்த இரண்டாம் வகுப்பைத் தெரிந்துகொண்ட அன்று நான் நிம்மதியாக இருந்தேன். தமிழ்வழி வகுப்புகள் அப்போதுதான் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றை அவரிடம் கொடுத்தார்கள். நல்லது, நமக்கு ஆங்கிலவழி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியர் அறைக்கும் அவருடைய வகுப்பறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவரின் மேற்பகுதியில் காற்றுக்காக விட்ட திறப்பு வழியாக எல்லாம் கேட்கும். ஒரு நாள் இறைமை என்ற பாடம். அந்த ஒரு வரையறையை எழுதவைக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவர் எடுத்ததும் ஒரு கேள்வி போட்டார்.

"ஹார்பருக்குள்ள ஒரு கப்பல் வரணும். யாரு உத்தரவு குடுக்கணும்?"

"போர்ட் ஆபீசர், மேடம்."

"அவருக்கு யாரு உத்தரவு குடுக்கா?"

"டெல்லி."

"டெல்லிக்கு?"

மேடம் விடவில்லை. "இப்படியே மேல போய்க்கிட்டே இருங்க. யாருகிட்டயும் கேக்க வேண்டாத ஓரிடம் எங்க வருதோ, அங்கதான் இறைமை இருக்கு" என்றார். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்ப எங்க வீட்டுல அம்மாதான் மேடம்" என்றான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சரி, அம்மா எதுக்காவது அய்யாகிட்ட கேப்பாங்களா? கேட்டா அது இறைமை இல்ல" என்று அங்கிருந்தே பாடத்தைத் தொடர்ந்தார். நான் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அது என்னுடைய பாடம் என்று வயிற்றுக்குள் ஒரு எரிச்சல் கிளம்பியது. அந்த எரிச்சல் பிறகு பல வருஷம் என்னைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு என் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரம் நகர்ந்தது. எப்படிச் செய்கிறார் என்று கண்டுபிடித்துவிட வேண்டும். குறைந்தபட்சம் ஒரு தப்பாவது கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கு வகுப்பும் எனக்கு ஓய்வும் ஒரே மணியில் வந்தால் நான் டீ குடிக்கக்கூடப் போவதில்லை.

விசைப்படகுக்காரர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் கடலில் அடிதடி நடந்துகொண்டிருந்த காலம் அது. மேடம் வகுப்பையே ஒரு சட்டசபையாக மாற்றிவிட்டார். விசைப்படகு எவ்வளவு தூரம் தள்ளிப் போய்த்தான் வலைவிட வேண்டும் என்று ஒரு மசோதா. இரண்டு தரப்புக் குடும்பத்துப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். சத்தம் கூரையைப் பிய்த்தது. பொன்னையா சார் வராந்தாவில் நடந்து வருவது தெரிந்ததும், சரி, இன்றைக்குக் கண்ணாடி கவிழப்போகிறது என்று நானும் எழுந்து வாசலுக்குப் போனேன். மேடம் கொஞ்சமும் பதறவில்லை. "சார், சபாநாயகர் இல்லாமத்தான் இவ்வளவு சத்தம். நீங்க வந்து உக்காருங்க" என்றார். பொன்னையா சார் உள்ளே போய் மேடையில் உட்கார்ந்து, "உறுப்பினர் அமருங்கள்" என்றார். மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். என் வகுப்புக்குள் அவர் ஒரு நாளும் வந்ததில்லை. வரவேண்டிய தேவையே இல்லாதபடி அது அமைதியாக இருக்கும்.

நானும் முயன்றேன். நகராட்சிப் பாடத்தில், நீ தலைவர், நீ உறுப்பினர், குடிதண்ணீர்ப் பிரச்சினையைப் பேசுங்கள் என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன் எழுந்து, "சார், இது நோட்ஸ்ல வருமா?" என்று கேட்டான்.

ஆலந்தலையிலிருந்து சேவியர் என்று ஒரு மாணவன் வந்துகொண்டிருந்தான். கட்டுமரத்துக் குடும்பம், வாயாடி, நல்ல மூளை. ஒரு நாள் வீட்டிலிருந்து சீலா மீன் கருவாடு ஒரு பொட்டலம் கொண்டுவந்து மேடத்தின் மேசையில் வைத்தான். மேடம் சைவம். அவர் அதைச் சொல்லவில்லை. "அம்மா குடுத்துவிட்டாங்களா? ரொம்ப சந்தோசம்னு சொல்லு" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவன் போனதும் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சாப்பிடுவியள்லா?" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் மனைவி அதைக் குழம்பு வைத்தாள். அவ்வளவு ருசியான கருவாட்டை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அரசியலமைப்புத் தாள் காலியானபோது பொன்னையா சார் அதைத் தமிழ்வழி வகுப்புக்கு மேடத்திடம் கொடுத்தார். ஆங்கிலவழியில் அதை அவரே வைத்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

இதற்கிடையே நெருக்கடி நிலை வந்தது. எங்கள் ஊரில் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சென்னையில் ஆட்சியைக் கலைத்த பிறகுதான் பயம் இங்கேயும் வந்தது. ஒரு சொல்லுக்காக ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், போன ஆள் எங்கே என்று கேட்க வழியில்லை. பொன்னையா சார் எங்களைக் கூப்பிட்டார். "அடிப்படை உரிமைகள் பாடத்த விட முடியாது, சிலபஸ்ல இருக்கு. புத்தகத்துல உள்ளத மட்டும் நடத்துங்க" என்றார். கண்ணாடியை அவர் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு விசைப்படகுத் தகராறில் சேவியரின் அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. ஆள் திரும்பவில்லை. அவன் கல்லூரிக்கு வருவதும் போவதுமாக இருந்தான். அவன் வந்த ஒரு நாளில்தான் மேடம் அந்தப் பாடத்தை எடுத்தார். வழக்கம்போல நான் சுவரோரம் இருந்தேன்.

அன்று கதை இல்லை, சிரிப்பு இல்லை. இருபத்தொன்றாவது பிரிவை ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னார். உயிரும் சுதந்திரமும் சட்டப்படி அல்லாமல் யாரிடமிருந்தும் பறிக்கப்படக் கூடாது. பிறகு முந்நூற்று ஐம்பத்தொன்பதை இன்னொருவனை வாசிக்கச் சொன்னார். நெருக்கடி காலத்தில் அந்த உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதை நிறுத்திவைக்கலாம். இரண்டும் புத்தகத்தில் உள்ளதுதான். அப்போது சேவியரின் குரல் கேட்டது.

"மேடம், எங்க அப்பாவ எங்கன வச்சிருக்காவன்னு கேட்டு நான் கோர்ட்டுக்குப் போலாமா?"

"முடியாது, சேவியர்."

"அப்ப அந்த உரிமை இருக்கா, இல்லியா?"

மேடம் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. கடைசியில், "எனக்குச் சொல்லத் தெரியலப்பா" என்றார். மணி அடித்தது.

முதல்முறையாகக் கோமதி மேடத்தின் வகுப்பில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. நான் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தப் பையனுடைய கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? சைக்கிளில் போகும்போது, ஷேவிங் செய்யும்போது, ஆலயத்தில் பிரசங்கத்துக்கு நடுவில், எல்லா நேரமும் அதே யோசனை. அவரால் முடியாததை நான் சொல்லிவிட வேண்டும். ஒரு காலை பீச் ரோடு வழியாக வந்தேன். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். தோணிகளெல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். பதில் கிடைத்துவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை.

சில நாள் கழித்துக் கல்லூரி முதல்வர் அறைக்குக் கல்வித்துறை அதிகாரி ஒருவர் வந்தார். கூடவே சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர். இந்த நாட்டில் உரிமை செத்துப்போச்சு என்று கோமதி மேடம் வகுப்பில் பேசியதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் கல்லூரியில் எல்லாரும் அதை முடிவுசெய்துவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றது. வராந்தாவில் எதிரே வந்த சேவியர் ஒதுங்கி நின்று, "நல்லாருங்க சார்" என்றான். அவன் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

மேடம் மட்டும்தான் நேராகக் கேட்டார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "சார், நீங்களா சொன்னீங்க?"

"இல்ல மேடம்."

"சரி" என்று திருத்துவதைத் தொடர்ந்தார்.

அவ்வளவு சுலபமாக ஒரு மனுஷனை நம்ப எனக்கு வராது. அதையும் அவரிடம் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றார் அதிகாரி. பொன்னையா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, முதல்வரின் மேசைமேலேயே கவிழ்த்து வைத்தாராம். "பிள்ளைகள வாத்தியாருக்கு எதிரா சாட்சி சொல்ல வச்சா, அப்புறம் இந்தக் காலேஜ்ல ஒருத்தரும் பாடம் நடத்த முடியாது. அந்த வகுப்ப முழுசாக் கேட்ட ஆசிரியர் ஒருத்தர் இருக்கார். அவரக் கூப்பிடுங்க" என்றிருக்கிறார். என் நாற்காலி நகர்ந்ததை அவர் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நான் உள்ளே போனேன். மேடம் சுவரோரம் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் மடித்த கைக்குட்டை. வேலை போனால் ஆற்றங்கரை வீட்டில் மூன்று பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். வேலை மட்டும் போனால் அது அதிர்ஷ்டம் என்கிற காலம்.

"வகுப்பில என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார் அதிகாரி.

சொன்னேன். முதல் வாக்கியத்திலிருந்து சொன்னேன். யார் எந்தப் பிரிவை வாசித்தார்கள், எந்தச் சொல்லுக்கு மேடம் விளக்கம் கொடுத்தார், எங்கே நிறுத்தினார், ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பொறாமைக்கு எவ்வளவு நல்ல காது! போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அந்தப் பையன் கேட்டதுக்கு என்ன பதில் சொன்னாங்க?"

மேடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார் என்று தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

"'கூண்டு ஏத்தியிருந்தா தோணி கரையிலதான் நிக்கணும். அதுக்காகக் கடல் இல்லாமப் போயிராது'ன்னு சொன்னாங்க சார்."

அதிகாரி மெதுவாக அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "கூண்டு ஏத்துனா கரையில நிக்கணும். அரசாங்கம் சொன்னாக் கேட்டுக்கணும்னுதானே அர்த்தம்? நல்லாத்தானே சொல்லியிருக்காங்க" என்று முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தலையாட்டினார். பொன்னையா சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முடிந்தது.

இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். மேடத்துக்குக் கெடுதல் வரக் கூடாது என்று நினைத்தது உண்மை. அதோடு, அந்த வாக்கியம் எத்தனையோ நாளாக எனக்குள் வெளியே வர இடம் தேடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

வராந்தாவில் மேடம் என் பின்னாலேயே வந்தார். "சார், அது நான் சொல்லலியே."

"தெரியும் மேடம்."

"அந்தப் பயலுக்கு அன்னைக்கே அதச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஏன் தோணல?" என்றார். அவர் குரலில் துளி பொறாமை இருந்த மாதிரி பட்டது. இருந்ததா, நான் ஆசைப்பட்டேனா என்று இன்றுவரை தெரியாது. அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் அல்வா வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டாள். சும்மாதான் என்றேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. வாக்கியம் முதல்வர் அறையிலிருந்து எப்படியோ வெளியே வந்துவிட்டது. கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள். விடுதியில் பேசினார்கள். அதிகாரிக்குக் கரை கேட்டது, பிள்ளைகளுக்குக் கடல் கேட்டது. எல்லாம் கோமதி மேடம் சொன்னதாகத்தான். மறுவருஷம் தேர்தல் வந்தபோது மட்டக்கடைப் பக்கம் ஒரு மேடையில் யாரோ அதைப் பேசக் கேட்டேன். "நம்ம ஊரு பேராசிரியை ஒருத்தர் சொன்னாங்க" என்று தொடங்கினார் அவர். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் நின்றால் நன்றாக இருக்காது.

மேடம் மாணவர்களிடம், "ஜெபமணி சார்தான் என்னக் காப்பாத்துனாங்க" என்று சொல்லியிருக்கிறார். அதனால் பழி நீங்கியது. சேவியர் வந்து, "தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சிருங்க சார்" என்றான். அவன் அப்பா அதற்குள் வீடு திரும்பியிருந்தார், உடம்பு பாதியாகி. "வகுப்புல மேடம் நடத்துனத நீங்க அப்படியே சொன்னியளாமே!" என்று வியந்தான். அந்த 'அப்படியே' எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

இரண்டொரு வருஷத்தில் மேடம் மதுரைக்கு வேலை மாறிப் போனார். அரசியலமைப்புத் தாள் எனக்கு வந்தது. ஓய்வுபெறும்வரை நான்தான் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன்.

சில வருஷங்களுக்கு முன் பழைய மாணவர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். மதுரையிலிருந்து மேடத்தையும் வரவழைத்திருந்தார்கள். தலை முழுக்க வெள்ளை, குரல் மட்டும் அதேபோல. எனக்கும் மேடையில் ஒரு நாற்காலி, ஓரத்தில். சேவியர் இப்போது பெயர்பெற்ற வக்கீல். அவன்தான் முதலில் பேசினான். தன் அப்பாவைப் பற்றி, அந்தக் கேள்வியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "எங்க மேடம் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் என்ன வக்கீலாக்குச்சு" என்று கூண்டையும் கடலையும் சொன்னான். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் அவன். மேடம் பதில் சொல்லாததைக் காதால் கேட்டவன். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அவர் சொல்லக் கேட்டதாகவே அவனுக்கு ஆகிவிட்டது.

மண்டபம் கைதட்டி முடிவதற்குள் மேடம் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார்.

"சேவியர், நீ மறந்துட்டே. அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியலன்னுதான் சொன்னேன். அந்த வாக்கியம் ஜெபமணி சாரோடது. என்னக் காப்பாத்துறதுக்காக அவுங்க சொன்னாங்க."

எனக்கு எழுந்திருக்க வேண்டுமா, கும்பிட வேண்டுமா என்று தெரியவில்லை. சேவியர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"பாத்தியளா! இதுதான் எங்க மேடம். தான் சொன்னதக்கூட அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டுப் போற மனசு யாருக்கு வரும்?"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இந்தமுறை முன்னைவிட அதிக நேரம். மேடம் இரண்டு கையையும் ஆட்டி, இல்லை இல்லை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை.

கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் என்ன சார் செய்ய? போற இடத்துலெல்லாம் சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க."

"மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே சொல்லாதீங்க" என்றேன். "நீங்க சொல்லச் சொல்ல அது இன்னும் உங்களுதாயிட்டே போகுது."